பூட்டிய வீட்டில் ஓடும் டிவி

நீதான் செய்தாய். வேறு யார் மேலும் பழியைத் தூக்கிப் போடாதே. கேஸ் சிலிண்டரைத் திருகி மூடினாய், மோட்டார் சுவிட்சை அணைத்தாய், ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைத்தாய், வாசல் பூட்டில் தொங்கிக்கூடப் பார்த்தாய். இத்தனையும் சரியாகச் செய்த நீ, திருடன் வந்தால் உள்ளே ஆள் இருப்பதாக நினைத்துத் திரும்பிப் போகட்டும் என்று டிவியை மட்டும் ஓடவிட்டு ஊருக்குப் போய்விட்டாய். எவ்வளவு விவரமான ஆள் நாம் என்று ரயிலில் உட்கார்ந்து உன்னை நீயே மெச்சிக்கொண்டிருப்பாய். அந்த டிவிக்குள் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே அவளுக்காகச் சோற்றுப் பானையை மூடி வைத்துக்கொண்டு யாராவது காத்திருப்பார்கள், அவள் எப்போது எழுந்து போவாள் என்று ஒரு கணமாவது நினைத்தாயா? நினைக்கவில்லை. அதனால் உட்கார்ந்து கேள்.

அவள் பெயர் அங்காளேஸ்வரி. விருதுநகர்க்காரி. அப்பா மிளகாய் வத்தலுக்கும் துவரைக்கும் தரகு பார்த்தவர், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டத்தில் அவர் ஒருவர்தான் வாயால் பேசுவார், அந்த வாய் அப்படியே மகளுக்கு வந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து பேப்பரில் வருகிற மார்க்கெட் நிலவரத்தை அவள் உரக்கப் படித்தால் தெருவில் போகிற வண்டிக்காரன் நின்று கேட்டுவிட்டுப் போவான். படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து டிவி டிவியாக ஏறி இறங்கினாள். ஒரு இடத்தில், "தமிழ் நல்லாருக்கும்மா, ஆனா குரல்ல காரம் ஜாஸ்தி" என்றார்கள். "எங்க ஊர்ல காரத்துக்குத்தான் சார் விலை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். கேபிள் சேனலில் தங்கம் வெள்ளி விலை வாசித்தாள், எஃப்.எம்.மில் அதிகாலை காய்கறி விலை வாசித்தாள், கடைசியில் லாபம் டிவியில், யாரும் விழித்திருக்காத நேரத்தில் அரை மணி நேரம் கிடைத்தது. அந்த அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் இடம் பிடிக்கிறவள் கூடை கூடையாக நகர்த்தி நகர்த்தி அடுத்த கடைக்காரியின் எல்லைக்குள் போவதுபோல, ஒவ்வொரு நிமிடமாக நகர்த்திக்கொண்டு பகலின் நடுவுக்கே வந்து சேர்ந்தாள். 'சந்தை நேரம்' அவளுடைய நிகழ்ச்சி ஆனது.

அப்போதும் அவளுக்கு நாற்காலி இல்லை. லாபம் டிவியில் ஆண்கள்தான் மேசைக்குப் பின்னால் உட்காருவார்கள், பெண்கள் பக்கத்துத் திரையில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் கையால் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கர்ப்பமாக இருந்தபோதும் அவள் நின்றுகொண்டுதான் எண்ணெய் விலை சொன்னாள். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த அன்று, சேனலை நடத்துகிற சுகுமாரனின் அறைக்குள் போய், "எனக்கு அந்த நாற்காலி வேணும் சார்" என்றாள்.

"சம்பளம் கேளு, பேசலாம். நாற்காலி எதுக்கு?"

"சம்பளம் அப்புறம் பேசுவோம். மொதல்ல நாற்காலி."

அவர் மழுப்பினார், அவள் விடவில்லை. அவர் ஒரு மாதம் போகட்டும் என்றார், அவள் அவர் அறை வாசலிலேயே நின்றாள். கடைசியில் நீல மெத்தை வைத்த சுழல் நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. கேட்டு வாங்கிய நாற்காலி. சண்டை போட்டு வாங்கிய நாற்காலி. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பங்குச் சந்தை விழுந்த அந்த வியாழக்கிழமை உனக்கும் நினைவிருக்கும். காலையில் திறந்ததுமே திரை முழுக்கச் சிவப்பு. பிள்ளை கல்யாணத்துக்குப் போட்டு வைத்தவர்கள், ஓய்வூதியத்தைப் போட்டவர்கள், யாரோ சொன்னார்கள் என்று நகையை வைத்துப் போட்டவர்கள் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பக்கத்துச் சேனல்காரன் பெரிய பெரிய நிபுணர்களைக் கூட்டி வைத்துக் கத்திக்கொண்டிருந்தான். அவள் காதில் செருகிய குமிழுக்குள் சுகுமாரன் பதறினார்: "ஆள் அங்க போறாங்க ஈஸ்வரி. ஏதாவது சொல்லு. ரிமோட்டை எடுக்க விடாதே."

அவள் கேமராவைப் பார்த்தாள். மூட்டைமேல் உட்கார்ந்த குரலில், காரத்தைக் குறைக்காமல் சொன்னாள்: "பயப்படாதீங்க. நீங்க தனியா இல்லை. லாபம் டிவியை இந்த உலகத்துல ஒரே ஒரு வீட்டுல போட்டு வச்சிருந்தாலும், அந்த ஒரு வீட்டுக்காக நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

அன்று ஒருவரும் ரிமோட்டைத் தொடவில்லை. நிகழ்ச்சி முடிந்தது, விளக்கு அணைந்தது, அவள் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். எழ முடியவில்லை.

புடவைதான் சக்கரத்தில் மாட்டியிருக்கும் என்று ஒப்பனை செய்கிற பெண் குனிந்து பார்த்தாள், மாட்டியிருக்கவில்லை. தச்சர் வந்தார், நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், "மரத்துல ஒண்ணும் இல்லைம்மா" என்றார். டாக்டர் வந்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், "உடம்புல ஒண்ணும் இல்லைம்மா" என்றார். காலை ஆட்டலாம், நாற்காலியைச் சுழற்றலாம், ஆனால் எழலாம் என்று நினைத்ததும், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில் நாலு பேர் மடியில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பாரம். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஆட்கள் வந்தார்கள், ஸ்டூடியோ வாசல்படியைத் தாண்டவில்லை. அவள் குளித்தது எப்படி, மற்றதெல்லாம் எப்படி என்று கேட்காதே. ஒரு திரைச்சீலையும் இரண்டு நல்ல பெண்களும் இருந்தார்கள், அவ்வளவுதான் உனக்குச் சொல்ல முடியும்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னாள், உட்கார்ந்திருக்கிறாள், வாக்கு என்றால் அப்படித்தான் என்று காய்கறிக் கடையில் பேசிக்கொண்டார்கள். ராசிபலன் சொல்கிறவர் தன் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். சமையல் நிகழ்ச்சிக்காரி அடுப்பை அவளுக்குப் பக்கத்திலேயே வைத்து, வெங்காயம் உரிக்கிற வேலையை அவளிடம் கொடுத்தாள், அவளும் மீன்குழம்புக்கு உரித்துக்கொடுத்துக்கொண்டே தங்கம் விலை சொன்னாள். கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. வர முடியாதவள் என்று தெரிந்தும் வைத்தார்கள், முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் ஒரு நாற்காலியில் டிவியை வைத்து லாபம் சேனலைப் போட்டு, அதற்குச் சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள். வேலையை விட நினைத்தவர்கள் விடாமல் இருந்தார்கள், அந்தப் பொம்பளையே எந்திரிக்கவில்லை நமக்கென்ன என்று. பக்கத்துச் சேனல்காரன் தன் ஆளையும் அப்படி ஒரு வாக்குக் கொடுக்க வைத்தான், அவன் மதியச் சாப்பாட்டுக்கே எழுந்து போய்விட்டான், ஊர் சிரித்தது.

அதிகம் சந்தோஷப்பட்டவர் சுகுமாரன். எந்தச் சேனலை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சில வீடுகளில் சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள், எந்த வீடு என்று சேனல்காரர்களுக்கே தெரியாது. "எங்கேயோ ஒரு பெட்டி வீட்டுல நம்ம சேனலை மாத்துறதே இல்ல ஈஸ்வரி. காலையில, மத்தியானம், எப்பவும் நாமதான்" என்று கேக் வெட்டி அவள் வாயில் ஊட்டினார். அவள் மென்றாள். அது உன் வீடு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

புருஷன் ஜெயபாண்டி தினமும் போரூரிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தான், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் கொண்டுவந்தான், பிறகு கொடுத்தனுப்பினான். அவன்மேல் குற்றமில்லை. வீட்டில் டிவியைப் போட்டால் பெண்டாட்டி பேசிக்கொண்டிருக்கிறாள், அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டான். அவளும் பழகிவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மகள் கோமதி வயதுக்கு வரும் வரைக்கும்.

தாய்மாமன் மாரிக்கனி, அங்காளேஸ்வரியின் தம்பி, விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறவன், பச்சை ஓலையும் சீரும் ஏற்றிக்கொண்டு வந்து போரூர் ஃபிளாட்டின் ஹால் மூலையில் குச்சு கட்டினான். பெண்ணை உள்ளே உட்கார வைத்தார்கள். சடங்கு அன்று தண்ணீர் ஊற்ற எழுந்திரு என்றால் அவள் எழுந்திருக்கவில்லை. போனை வாங்கி அம்மாவிடம் பேசினாள்.

"நீ வந்து கைய புடிச்சுத் தூக்கும்மா. அப்பத்தான் எந்திரிப்பேன்."

"அம்மாவால முடியாதுன்னு தெரியும்லடி."

"தெரியும். நீ எந்திரிச்சு வர்ற வரைக்கும் நானும் இந்த மூலையை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

அங்காளேஸ்வரி மேசையைத் தட்டினாள். "அப்படிச் சொல்லாதே. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கோ. வாயைக் கொப்புளி, கோமு, தண்ணி குடிச்சு வாயைக் கொப்புளி."

கோமதி போனை வைத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழ நினைத்தால் எழலாம், பாத்ரூமுக்கு எழுந்து போய்விட்டுத் திரும்பிவந்து அதே ஓலைக்குள் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் பள்ளிக்கூடம் போகவில்லை, மாமன் கொண்டுவந்த பட்டுப் புடவையைத் தொடவில்லை, வந்த சொந்தமெல்லாம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது. பிடிவாதம் எங்கே முடிந்து பாரம் எங்கே தொடங்கும் என்று தாய்க்குத்தான் தெரியும். ஒருநாள் பிள்ளை எழ நினைக்கும், அப்போது மடியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாள் வருவதற்குள் தாய் எழுந்துபோக வேண்டும்.

மாரிக்கனி ஸ்டூடியோவுக்கு வந்தான். "அக்கா, நீ என்ன சொன்னே? ஒரு வீட்டுல போட்டு வச்சிருந்தாலும்னு சொன்னே. அப்ப ஒரு வீட்டுலயும் இல்லாமப் பண்ணிட்டா?"

"எத்தனை லட்சம் வீடுடா."

"வத்தல் விக்கிறவன்கிட்ட எண்ணிக்கையைச் சொல்லிப் பயமுறுத்தாதே."

ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சந்தையும் கிடையாது ஒன்றும் கிடையாது, எந்தச் சேனல் ஓடினாலும் சரி, சந்தேகமே வேண்டாம், அஞ்சே நிமிடம் டிவியை அணையுங்கள் என்று கேட்டான். சும்மா அணைப்பார்களா? பேரம் பேசினான். அந்த நேரத்தில் சீரியல் மறுஒளிபரப்பு என்றவர்களிடம் கதையை முன்னாலேயே கேட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றான், டீக்கடைக்காரர்களிடம் அஞ்சு நிமிடத்துக்கு நானே பாடுகிறேன் என்றான், முறைத்தவர்களிடம் முறைத்தான், இறங்கி வராதவர்கள் காலில்கூட விழுந்தான். ஜனங்களும் நல்லவர்கள்தான். அக்கா எங்களுக்காக உட்கார்ந்தாள், நாங்கள் அவளுக்காக அணைக்க மாட்டோமா என்றார்கள். ஜெயபாண்டி எழுந்து போய்த் தன் வீட்டு டிவியை, எத்தனையோ நாளுக்குப் பிறகு, தன் கையால் அணைத்தான். சுகுமாரன்கூட ஸ்டூடியோத் திரைகளை அணைக்கச் சொன்னார், அவருக்கும் உள்ளே ஒரு மனிதன் இருந்தான்.

பதினோரு மணிக்கு ஊர் அடங்கியது. அங்காளேஸ்வரியின் மடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. இடுப்பு லேசானது. தொடை லேசானது. மெத்தை ஒரு பெருமூச்சு விட்டுப் புடைத்துக்கொண்டது. அவள் மேசையில் கையை ஊன்றினாள், எழுந்தாள், முழங்கால் பாதி நிமிர்ந்தது, தம்பி கையை நீட்டினான், அவள் விரல் அவன் விரலைத் தொட்டது.

அங்கேயே நின்றது. ஒரே ஒரு ஆள் மட்டும் இறங்காமல் மடியில் இருந்தான்.

மற்ற வீடுகளின் இரைச்சலெல்லாம் அடங்கிப்போனதால், காதில் இருந்த குமிழுக்குள் அந்த ஒரு வீடு கேட்டது. குழாய் சொட்டுகிற சத்தம். ஜன்னல் பின்னால் புறா முனகுகிற சத்தம். ஆள் நடமாட்டம் இல்லை, பாத்திரம் உருளவில்லை, இருமல் இல்லை. அவள் மூச்சே அந்த அறைக்குள் போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. பிறகு கதவுக்கு வெளியே இரண்டு பொம்பளைகள்.

"இவங்க வீட்டுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்கன்னாங்களே?"

"யாரு சொன்னா? உள்ள ஆள் இருக்கு. டிவி ஓடுது கேளு. அந்த மார்க்கெட்டுப் பொம்பளை சேனல்தான், எப்பவும் அதேதான்."

"இப்பதான் எல்லாரையும் அணைக்கச் சொன்னாங்களே, இவங்களுக்குத் தெரியாதா?"

"கதவைத் தட்டினா என்ன நினைப்பாங்களோ. நமக்கெதுக்கு."

அங்காளேஸ்வரி கேமராவைப் பார்த்துக் கத்தினாள். விருதுநகர் சந்தையே திரும்பிப் பார்க்கிற குரலில் கத்தினாள். "அக்கா, போயிடாதீங்க. அது பூட்டின வீடு. உள்ள யாருமே இல்லை. பூட்டை உடைங்க அக்கா. மெயின் சுவிட்ச் வெளியில இருந்தா அதையாவது அணைங்க. அது எந்த ஊரு, எந்தத் தெரு, அதை மட்டும் சொல்லுங்க."

கதவில் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒருத்தி சொன்னாள்: "என்னமோ கத்துறா. மார்க்கெட் மறுபடியும் விழுந்திருச்சு போல."

"அவளுக்கென்ன, உக்காந்த இடத்துல சம்பளம். வா, தண்ணி லாரி வந்துரும்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அஞ்சு நிமிடம் முடிந்தது. ஊர் டிவியைப் போட்டது, அவள் எழுந்தாளா என்று பார்க்க. அந்த ஆசையிலேயே எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்ப அவள் மடியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

மாரிக்கனி சுகுமாரனின் சட்டையைப் பிடித்தான், சேனலையே ஒரு நிமிடம் நிறுத்த வைத்தான். நிறுத்தினார்கள். சேனல் நின்றது, உன் டிவி நிற்கவில்லை. சிக்னல் இல்லை என்று நீலமாக எழுதிக்கொண்டு அது லாபம் டிவியிலேயேதான் நின்றது. வீட்டில் யாரும் பார்க்கவில்லையே, டிவி மட்டும்தானே ஓடுகிறது என்று நீ சட்டம் பேசலாம். அவள் பார்க்கிறவர்கள் என்று சொல்லவில்லை, போட்டு வச்சிருந்தாலும் என்றுதான் சொன்னாள், நீ போட்டு வைத்திருக்கிறாய்.

சேனலை மாற்றாத அந்தப் பெட்டி வீடு எது என்று சொல்லுங்கள் என்று கணக்கெடுக்கிறவர்களிடம் மாரிக்கனி போனான், ரகசியம் என்று வாசலோடு அனுப்பினார்கள். கரண்ட் ஆபீஸுக்குப் போனான். ரொம்ப நாள் பில் கட்டாத வீட்டைச் சொல்லுங்கள், ஃபியூஸைப் பிடுங்கலாம் என்றான். அங்கே இருந்தவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "ஒரு டிவி மட்டும் ஓடினா நூறு யூனிட்டைத் தாண்டாது தம்பி. அது கவர்மென்ட் சும்மா குடுக்குற கரண்ட். பில்லே வராது, எதுக்குப் பிடுங்குறது?" கடைசியில் அவன், வத்தல் வியாபாரத்தில் எல்லாரும் பழக்கம், திருடர்களிடமே போய்ப் பேசினான். பூட்டின வீடாகப் பார்த்து உடையுங்கள், எடுக்கிறதை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே வரும்போது டிவியை அணைத்துவிட்டு வாருங்கள், போதும். அவர்களில் மூத்தவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "அது ஆகாதுப்பா. டிவி ஓடுற வீட்டுக்குள்ள நாங்க போறதில்ல. உள்ள ஆள் இருக்கும்."

உன் சாமர்த்தியம் அந்த அளவுக்கு வேலை செய்கிறது. சந்தோஷமா?

இப்போதும் அவள் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் தங்கம் விலை சொல்கிறாள், எண்ணெய் சொல்கிறாள், எந்தப் பங்கு ஏறியது எது இறங்கியது சொல்கிறாள், நடுவில் ஒரு மூச்சு விட்டு, "வீட்டைப் பூட்டிட்டுப் போனவங்களே" என்று உன்னைக் கூப்பிடுகிறாள். நீ மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருப்பாய், பேரனுக்குக் கார்ட்டூன் வேண்டும் என்று அங்கே லாபம் டிவியைப் போட விடமாட்டார்கள். போரூரில் ஓலை காய்ந்து பழுப்பாகிறது, மாரிக்கனி பச்சை ஓலை மாற்றிக் கட்டுகிறான், அது மறுபடியும் காய்கிறது. போன வாரம் கோமதி பாத்ரூமுக்கு எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் மரத்துப்போச்சு மாமா என்றாள். மாரிக்கனி அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஜெயபாண்டி சொல்லிவிட்டான்.

அதனால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். உனக்கு என்ன வேண்டும் சொல், மாரிக்கனி தருவான். போக வர டிக்கெட் தருவான். நீ இல்லாத நேரத்தில் வீட்டுக்குக் காவலாக அவனே வாசலில் படுத்துக்கொள்வான். உள்ளே ஒரு டம்ளர் காணாமல் போனாலும் குடம் வாங்கித் தருவான். வேறு எந்தச் சேனலை வேண்டுமானாலும் போட்டு வைத்துக்கொள், பாட்டுச் சேனலைப் போடு, அதில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இதற்கு மேல் யாரும் இறங்கி வர மாட்டார்கள். இதற்கு மேல் இறங்க இடமும் இல்லை.

கிளம்பு. சாவி உன் பையில்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டில்கூடக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனாய், யாரையும் நம்பாதவன் நீ. வந்து கதவைத் திற. செருப்பைக் கழற்றவேண்டாம், விளக்கைப் போடவேண்டாம், குழாயை அப்புறம் மூடிக்கொள்ளலாம். நேராக உள்ளே போ. அவள் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம்.

அணை.